சுற்றாமல் முனகும் மோட்டார்: டெல்டா வீடுகளின் மின்சாதனக் கோளாறுகள்

மின்விசிறியின் சுவிட்சைப் போட்டதும் இறக்கை அசையாமல் உள்ளிருந்து ஒரு முனகல் மட்டும் வருவதும், ஊறவைத்த அரிசியைப் போட்ட கிரைண்டர் குழவியோடு அப்படியே நின்று உறுமுவதும், மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டிய மோட்டார் ஓசை கொடுத்துக்கொண்டே அசையாமல் இருப்பதும் காவிரி டெல்டா வீடுகளில் அடிக்கடி நேர்பவை. மூன்றுக்கும் "காயில் (மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள்) போய்விட்டது" என்று சொல்லிப் புதுக் காயில் கட்டக் கொடுத்துவிடுவது பலருடைய வழக்கம். ஆனால் முனகல் கேட்கிறது என்றாலே, குறைந்தபட்சம் ஒரு காயிலிலாவது மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உண்மையிலேயே அறுந்துபோன காயிலில் ஓசையே இருக்காது. ஆகவே முனகும் மோட்டாரைக் கழற்றுவதற்கு முன்னால், அது ஏன் சுற்ற மறுக்கிறது என்று கேட்டுப் பார்ப்பது பணத்தையும் மிச்சப்படுத்தும், மோட்டாரையும் காப்பாற்றும்.

வீடுகளுக்கு வரும் இணைப்பு பெரும்பாலும் ஒற்றை ஃபேஸ் இணைப்பு. 230 வோல்ட் அழுத்தமும் நொடிக்கு 50 சுழற்சியும் கொண்ட மாறுதிசை மின்சாரம் ஒரு காயிலில் பாயும்போது, அங்கே உருவாகும் காந்தப்புலம் ஒரே கோட்டில் வலுத்தும் தேய்ந்தும் திசை மாறியும் துடிக்கிறதே தவிர, சுழலுவதில்லை. ஒவ்வொரு சுழற்சியிலும் இழுவிசை இரண்டு முறை உச்சத்தைத் தொடுவதால், இரும்புத் தகடுகள் நொடிக்கு 100 முறை அதிர்கின்றன. நாம் கேட்கும் முனகல் அதுதான். துடிக்கும் இந்தப் புலத்தை, பாதிப் பாதி வலுவுடன் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு புலங்களின் கூட்டாகக் கணக்கிடலாம். மோட்டார் நின்றிருக்கும்போது ஒன்று வலமாக இழுக்கும் அதே அளவுக்கு மற்றொன்று இடமாக இழுப்பதால், ரோட்டர் என்னும் சுழலும் பகுதி எந்தப் பக்கமும் திரும்ப முடியாமல் நடுவில் மாட்டிக்கொள்கிறது. யாராவது ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டால் அந்தப் பக்கத்து இழுவிசை ஓங்கிவிடும். பிறகு மோட்டார் தானாகவே ஓடும்.

அந்த முதல் தள்ளுதலை மின்சாரத்தாலேயே கொடுப்பதற்காகத்தான் மோட்டாருக்குள் இரண்டாவது காயில் ஒன்று சுற்றப்படுகிறது. அதனோடு தொடராக இணைக்கப்படும், மின்னேற்றத்தைச் சேமித்துவைக்கும் கண்டென்சர், அந்தக் காயிலில் ஓடும் மின்னோட்டத்தை முதல் காயிலின் மின்னோட்டத்துக்குச் சற்று முந்தி உச்சமடையச் செய்கிறது. இடத்தால் விலகிய இரண்டு காயில்கள், நேரத்தாலும் விலகி உச்சமடையும்போது காந்தப்புலம் உண்மையிலேயே சுழலத் தொடங்கும். சுழலும் காந்தப்புலம் என்ற இந்தக் கருத்தை இத்தாலியின் கலிலியோ ஃபெராரிஸும் அமெரிக்காவில் வாழ்ந்த நிகோலா டெஸ்லாவும் தனித்தனியே கண்டடைந்து 1888-இல் வெளியிட்டார்கள். நம் வீட்டு மின்விசிறி, நீர்மோட்டார், பல கிரைண்டர்கள், குளிர்பெட்டியின் கம்ப்ரஸர் ஆகிய எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வடிவில் இந்த ஏற்பாடே இருக்கிறது. ஆகவே முனகிக்கொண்டு நிற்கும் மோட்டாருக்குக் காரணங்கள் பெரும்பாலும் மூன்றுக்குள் அடங்கிவிடும். தள்ளிவிடும் கண்டென்சர் அல்லது துணைக் காயில் பழுதாகியிருக்கும். சுற்றவேண்டிய தண்டு எங்காவது இறுகியிருக்கும். அல்லது வந்துசேரும் மின்னழுத்தம் போதாமல் இருக்கும்.

இவற்றைப் பிரித்தறிவதற்குக் கருவி அதிகம் வேண்டியதில்லை. மெயினை நிறுத்தி, டெஸ்டரால் சரிபார்த்த பிறகு, மின்விசிறியின் இறக்கையைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். கரகரவென்று உரசினாலோ, சுற்றிவிட்டதும் உடனே நின்றாலோ பேரிங் இறுகியிருக்கிறது என்று கொள்ளலாம். இலேசாகச் சுற்றினால், கீழே நின்றபடி மீண்டும் மின்சாரத்தைக் கொடுத்து, உலர்ந்த நீளமான மரக்குச்சி ஒன்றால் இறக்கையை மெல்லத் தள்ளிவிட வேண்டும். எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கமாகவே ஓடத் தொடங்குமானால், முதன்மைக் காயில் நன்றாக இருக்கிறது என்பதும், கண்டென்சரோ துணைக் காயிலோதான் வேலை செய்யவில்லை என்பதும் உறுதியாகிவிடும். அவ்விரண்டில் கண்டென்சர் மலிவானது, மாற்றுவதும் எளிது என்பதால் அதை முதலில் மாற்றிப் பார்ப்பதே முறை. கழற்றுவதற்கு முன், அதில் தங்கியிருக்கும் மின்னேற்றத்தை இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு குண்டு பல்பை இணைத்து வடித்துவிடுவது நல்லது. நீர்மோட்டாரின் பெரிய கண்டென்சரில் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். அதன் அதிர்ச்சி மின்விசிறியினுடையதைப் போல இலேசாக இருக்காது.

கூரை விசிறிகளில் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் கொள்ளளவுள்ள கண்டென்சர் இருக்கும். அது ஒரே நாளில் சாவது குறைவு. ஆண்டுக்கணக்கில் தேய்ந்துகொண்டே வரும். உள்ளே இருப்பது மிக மெல்லிய பிளாஸ்டிக் படலமும் அதன்மேல் ஆவியாகப் படியவைத்த உலோகப் பூச்சுமே. படலத்தின் நலிந்த ஓரிடத்தில் மின்னழுத்தம் துளைபோட்டால், துளையைச் சுற்றியுள்ள உலோகம் நொடியில் ஆவியாகி விலகிவிடும். அதனால் குறுக்குச்சுற்று ஏற்படாமல் கண்டென்சர் பிழைத்துக்கொள்கிறது. ஆனால் பிழைக்கும் ஒவ்வொரு முறையும் உலோகப் பரப்பில் ஒரு துளி குறைகிறது, கொள்ளளவும் குறைகிறது. வெப்பமும் மிகை மின்னழுத்தமும் இந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்தும். முன்பு நல்ல காற்று வீசிய விசிறி இப்போது மெதுவாகச் சுற்றுவதற்கும், ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தால் ஓடி, இரண்டில் வைத்தால் கிளம்பாமல் நிற்பதற்கும் காரணம் இதுதான். காற்று கூடுதலாக வரட்டும் என்று அளவை மீறிய கண்டென்சரைப் போட்டுக்கொடுப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் துணைக் காயில் தாங்கவேண்டியதற்கு மேல் மின்னோட்டம் பாய்ந்து அது சூடேறும். பழையதன்மேல் அச்சிட்டிருக்கும் அதே மைக்ரோஃபாரட் அளவையும், 440 வோல்ட் தாங்குதிறனையும் பார்த்து வாங்குவதே சரி. புதிதாக மாற்றிய பின் விசிறி எதிர்ப்பக்கமாகச் சுற்றிக் காற்றை மேலே தள்ளினால், இணைப்புக் கம்பிகள் இடம் மாறிவிட்டன என்பதைத் தவிர வேறு பழுதில்லை.

கண்டென்சரும் பேரிங்கும் நன்றாக இருந்தும் மோட்டார் கிளம்பவில்லை என்றால், சந்தேகத்தை வீட்டுக்கு வெளியே திருப்ப வேண்டும். டெல்டாவில் இந்த மூன்றாவது காரணத்துக்கு வேறு ஊர்களைவிடக் கூடுதல் கவனம் தேவை. 11,000 வோல்ட் மின்சாரத்தை ஊர் டிரான்ஸ்ஃபார்மர் 433 வோல்ட் மூன்று ஃபேஸ் மின்சாரமாகக் குறைக்கிறது. அதன்படி ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே சுமார் 250 வோல்ட் கிடைக்கும். அங்கிருந்து அலுமினியக் கம்பியில் செல்லச் செல்ல, ஓடும் மின்னோட்டத்தையும் கம்பியின் மின்தடையையும் பெருக்கி வரும் அளவுக்கு அழுத்தம் குறைந்துகொண்டே போகும். தலைமடையில் மதகுகள் எல்லாம் திறந்திருக்கும்போது கடைமடை வாய்க்காலில் மட்டம் இறங்குவதைப் போலவே, டிரான்ஸ்ஃபார்மருக்கு அருகில் பம்புசெட்டுகள் ஓடும்போது தெருக்கோடி வீட்டில் வோல்டேஜ் இறங்குகிறது. மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படுவது மரபு. அணையில் நீர் போதாத ஆண்டுகளிலும், திறந்த நீர் வந்துசேரும் முன்பும் குறுவை நாற்றங்காலுக்கு ஆழ்குழாய்க் கிணறுகளையே நம்பவேண்டியிருப்பதால், கோடைப் புழுக்கத்தில் வீடுகளில் விசிறிகள் ஓடும் அதே வேளையில் வயல் மோட்டார்களும் ஓடுகின்றன. வயலையும் தெருவையும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர் சுமக்கும் ஊர்களில் இதன் விளைவை நேரடியாகக் காணலாம்.

மின்னழுத்தம் கொஞ்சம்தானே குறைந்திருக்கிறது என்று எண்ணக்கூடாது. இவ்வகை மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. 230-க்குப் பதிலாக 200 வோல்ட் வந்தால் விசை ஏறத்தாழ முக்கால் பங்காகிவிடும். 170 வோல்ட் என்றால் பாதிக்குச் சற்றே கூடுதலாக மட்டும் எஞ்சும். மின்விசிறியின் இறக்கை தொடக்கத்தில் காற்றை வெட்டவேண்டியதில்லை என்பதால் அது மெதுவாகவேனும் கிளம்பிவிடும். நிறைய அரிசியோடும் கல்லோடும் நிற்கும் கிரைண்டர் கிளம்பாது. வெறும் கல்லாக ஓடவிட்டு, ஓட்டம் பிடித்த பிறகு அரிசியையும் தண்ணீரையும் சிறிது சிறிதாகச் சேர்ப்பது நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லும் முறை. அதற்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் இதுதான். தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் கிடைத்த சிறு கிரைண்டர்கள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. அவற்றில் மோட்டார் சுற்றும் ஓசை கேட்டும் கல் நின்றிருந்தால், பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம்.

நின்றபடி முனகும் மோட்டாரை எவ்வளவு நேரம் விட்டுவைக்கலாம் என்பதில் சாதனத்துக்குச் சாதனம் வேறுபாடு உண்டு. கூரை விசிறியின் காயிலுக்கு இயல்பிலேயே தடை அதிகம் என்பதால், நின்றாலும் அது எளிதில் எரிவதில்லை. நீர்மோட்டார் அப்படியல்ல. சுற்றாமல் நிற்கும் மோட்டார், வழக்கமான ஓட்டத்தைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், ஆறு மடங்கு மின்னோட்டம் என்றால் காயிலில் 36 மடங்கு வெப்பம். சில நிமிடங்களில் வார்னிஷ் கருகிய வாடை வந்துவிடும். அதற்குப் பிறகுதான் "காயில் போய்விட்டது" என்ற தீர்ப்பு உண்மையாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பயன்படுத்தாமல் கிடந்த நீர்மோட்டார், உள்ளே துருவேறி இறுகியிருப்பது கடலோர ஊர்களில் சாதாரணம். மெயினை நிறுத்திவிட்டு, பின்பக்க மூடியைக் கழற்றிக் குளிரூட்டும் விசிறியைக் கையால் சுற்றி இளக்கிவிட்டாலே பல மோட்டார்கள் பிழைத்துவிடும். மோட்டார் நன்றாகச் சுற்றியும் தண்ணீர் ஏறவில்லை என்றால் அது மின்சாரக் கோளாறு அல்ல. காற்று அடைத்திருக்கிறதா, உறிஞ்சுகுழாயின் அடியில் நீரைத் திரும்பவிடாமல் தடுக்கும் ஃபுட் வால்வு ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும்.

குளிர்பெட்டியில் இதே கதை மூடிய உருளைக்குள் நடப்பதால், கேட்பதற்கு வேறுவிதமாக இருக்கும். சில நொடி முனகல், பிறகு "டக்" என்ற ஓசை, சற்று நேரம் அமைதி, மறுபடியும் முனகல் என்று தொடருமானால், கம்ப்ரஸர் கிளம்ப முயன்று தோற்கிறது, மிகைச்சுமைக் காப்பு அதை ஒவ்வொரு முறையும் துண்டித்துக் காப்பாற்றுகிறது என்று புரிந்துகொள்ளலாம். கரண்ட் போய் உடனே திரும்பினால் இது பெரும்பாலும் நேரும். குழாய்களில் ஒருபக்கம் ஏறிய வாயு அழுத்தம் மறுபக்கத்தோடு சமமாவதற்குச் சில நிமிடங்கள் வேண்டும். அதற்குள் கிளம்ப முயன்றால் அழுத்தத்தை எதிர்த்துச் சுற்ற அதற்கு வலு போதாது. ஆகவே கரண்ட் வந்தபின் மூன்று முதல் ஐந்து நிமிடம் கழித்தே குளிர்பெட்டியைப் போட வேண்டும். ஸ்டெபிலைசர்களில் தாமதப் பொறி வைத்திருப்பது இதற்காகவே. அப்படிப் போட்டும், வோல்டேஜ் சரியாக இருந்தும் "டக்" ஓசை நிற்கவில்லை என்றால், கம்ப்ரஸரின் பக்கவாட்டில் செருகியிருக்கும், கிளம்பும்போது துணைக் காயிலை இணைத்துவிடும் ரிலேயைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கம்ப்ரஸரையே மாற்றச் சொல்பவரிடம், ரிலேயை மாற்றிப் பார்த்தீர்களா என்று கேட்பதில் தவறில்லை.

மிக்ஸி மட்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. அதில் கண்டென்சரின் தள்ளுதல் இல்லை. கார்பன் பிரஷ் வழியாக ரோட்டருக்கே மின்சாரம் செல்கிறது. எனவே திடீரென நின்றால், அடியில் உள்ள சிவப்புப் பொத்தான் துள்ளியிருக்கிறதா என்று பார்த்து, ஆறவிட்டு அழுத்தினால் போதும். விட்டுவிட்டு ஓடுவதும் தீப்பொறி மிகுவதும் பிரஷ் தேய்ந்ததன் அடையாளம்.

இதுவரை சொன்னவை குறை மின்னழுத்தத்தின் தொல்லைகள். அதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. மூன்று ஃபேஸ்களும் பொதுவாகப் பகிரும் நியூட்ரல் கம்பி எங்காவது அறுந்தாலோ அதன் இணைப்பு தளர்ந்தாலோ, வெவ்வேறு ஃபேஸில் உள்ள இரண்டு வீடுகள் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடராக இணைந்தவை போலாகிவிடும். அப்போது அதிகச் சாதனம் ஓடும் வீட்டில் வோல்டேஜ் படுத்துவிடும். ஒரு விளக்கு மட்டும் எரியும் வீட்டில் 300-க்கு மேல் ஏறிவிடும். உப்புக் காற்று இணைப்புகளை அரிக்கும் நாகப்பட்டினம், வேதாரண்யம் பகுதிகளிலும், புயலுக்குப் பிறகு அவசரமாகக் கம்பிகளை மீட்டுக்கட்டும் நாட்களிலும் இதற்கு வாய்ப்பு அதிகம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல் மின்கம்பங்களைப் பெருமளவில் சாய்த்ததை டெல்டா மக்கள் அறிவார்கள். விளக்கு வழக்கத்துக்கு மீறிப் பளீரென்று எரிந்தாலோ, பக்கத்து வீட்டில் ஒரு பொருளைப் போடும்போது நம் வீட்டு விளக்கு மங்குவதற்குப் பதிலாகப் பிரகாசமானாலோ, காரணத்தை ஆராயாமல் உடனே மெயினை அணைத்துவிட்டு லைன்மேனுக்குச் சொல்ல வேண்டும்.

ஸ்டெபிலைசர் வாங்கினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 170 வோல்ட்டை வாங்கி 230 ஆக உயர்த்திக் கொடுக்கும் கருவி, அந்த ஆற்றலைக் கம்பியிலிருந்து கூடுதல் மின்னோட்டமாக இழுத்தே கொடுக்கிறது. மின்னோட்டம் கூடினால் வழியில் நேரும் இழப்பும் கூடும். தெருவில் நான்கு வீடுகள் ஸ்டெபிலைசர் வைத்தால், வைக்காத ஐந்தாவது வீட்டின் வோல்டேஜ் இன்னும் இறங்கும். தாழ்வழுத்த இணைப்பில் அறிவித்த அளவிலிருந்து 6 விழுக்காட்டுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்பது 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே இருந்த வரையறை. 230 என்று கொண்டால் 216 முதல் 244 வரை. விலை குறைந்த மல்டிமீட்டர் ஒன்றை வைத்து, காலை, பிற்பகல், பம்புசெட் ஓடும் நேரம், இரவு என்று ஒரு வாரம் குறித்துவைத்த அளவுகளோடு தெருக்காரர்கள் சேர்ந்து மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மனுக் கொடுத்தால், தடித்த கம்பியோ அருகில் ஒரு புது டிரான்ஸ்ஃபார்மரோ கேட்பதற்கு அந்தத் தாளே ஆதாரமாகும்.