மணலிக் காற்றும் நள்ளிரவு இளைப்பும்

வடசென்னையில் நுரையீரல் மருத்துவம் பார்க்கும் எனக்கு, நோயாளியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை நாளாக இளைக்கிறது என்பதல்ல, எத்தனை மணிக்கு இளைக்கிறது என்பதுதான். எர்ணாவூர்ப் பக்கமிருந்து வரும் அம்மாக்கள் பலர் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சொல்வார்கள். "பகல்ல ஒண்ணும் தெரியல டாக்டரம்மா. ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணிக்கு கேஸ் நாத்தம் அடிக்கும். எழுந்து உக்காந்தா அப்புறம் விடியற வரைக்கும் படுக்க முடியாது." காலையில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தால் நெஞ்சில் ஒரு சத்தமும் இருக்காது. எக்ஸ்ரேவும் சுத்தமாக இருக்கும். 'டஸ்ட் அலர்ஜி' என்று எழுதி ஒரு மாத்திரை கொடுத்து அனுப்புவது ரொம்பச் சுலபம்.

ஆனால் அவர்கள் சொல்லும் மணிக்கும் காற்றடிக்கும் திசைக்கும் கணக்கு ஒத்துப்போகிறது. மணலி, திருவொற்றியூருக்கு மேற்கே இருக்கிறது. பகலில் கடற்காற்று அடிக்கும்போது அங்குள்ள ஆலைகளின் புகை மாதவரம், புழல் பக்கம் போகும். ராத்திரி தரைக்காற்று மேற்கிலிருந்து கடலை நோக்கி மெதுவாக நகரும்; அதன் பாதையில் இருப்பது திருவொற்றியூரும் எர்ணாவூரும். ஐப்பசி, கார்த்திகையில் வடக்கிலிருந்து வாடைக்காற்று இறங்கினால், எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கத்துக் காற்று தெற்கே வரும். மார்கழி, தை விடியற்காலைகளில் காற்றே அசையாது. தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் சூடான அடுக்கு ஒன்று பானைக்கு மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்ளும். அன்று வெளியே வந்த புகை எல்லாம் நம் மூக்கு மட்டத்திலேயே நிற்கும். போகிப் புகையால்தான் விமானம் தாமதம் என்று செய்தி வருகிறதே, அதில் பாதி வேலை இந்த மூடியுடையது.

உயரமான புகைபோக்கி இருந்தால் நமக்கு ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய அனல்மின் நிலையங்களின் புகைபோக்கி 275 மீட்டர் வரை இருக்கும். பக்கத்துத் தெருவை அது காப்பாற்றும், சரிதான். ஆனால் கடலோர ஊர்களில் ஒரு சிக்கல் உண்டு. பகலில் கடற்காற்றோடு உள்ளே வரும் புகை, மேலே ஒரு மெல்லிய பட்டையாகக் கலையாமல் சில கிலோமீட்டர் போகும். சூடேறிய தரையிலிருந்து கிளம்பும் காற்று உள்ளே போகப்போக உயரமாகக் கிளறிவிடும். ஒரு கட்டத்தில் அது புகைப்பட்டையைத் தொட்டதும் மொத்தப் புகையும் கீழே இறங்கிவிடும். புகைபோக்கியே கண்ணில் படாத தெருவில், பட்டப்பகலில் நெஞ்சு இறுகும் ஆட்கள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சென்னையின் வடக்கு இப்படி ஆனது ஒரே நாளில் அல்ல. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-ல் உற்பத்தியைத் தொடங்கியது. அதைச் சுற்றி உரம், பெட்ரோ ரசாயன ஆலைகள் வந்தன. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் வந்து 2017-ல் மூடப்பட்டது. அதற்குள் வடசென்னை, வல்லூர் நிலையங்கள் வந்துவிட்டன. வல்லூர் மட்டுமே 1,500 மெகாவாட். 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்க 43 தொழிற்பகுதிகளை மிக மோசமாக மாசடைந்தவை என்று பட்டியலிட்டபோது மணலியும் அதில் இருந்தது.

புகைபோக்கியைப் பார்த்துத் திட்டுகிறோம். அது கண்ணுக்குத் தெரிகிறது, அதில் கருவியும் பொருத்தியிருக்கிறார்கள். கருவி இல்லாத இடங்கள்தான் எனக்குக் கவலை: தேய்ந்த வால்வு, குழாய் இணைப்புகளில் கசிவு, டேங்க்கில் எண்ணெய் நிரப்பும்போது மேலே வெளியேறும் ஆவி, மூடாத நிலக்கரிக் குவியல், தார்ப்பாய் போடாத லாரி, காய்ந்து பறக்கும் சாம்பல் குளம். துறைமுகம் பக்கம் ராயபுரத்தில் வீட்டு ஜன்னல் கம்பியைத் துடைத்தால் துணி கறுப்பாகும் காலம் ஒன்று இருந்தது. உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்றது. நிலக்கரி எண்ணூருக்குப் போனது. ராயபுரம் மூச்சுவிட்டது, எண்ணூர்க்காரர்கள் இதைத் தீர்வு என்று சொல்ல மாட்டார்கள். இன்றும் அந்தப் பக்கம் மொட்டைமாடியில் வடகம் காயப்போடுவதை விட்டுவிட்ட வீடுகள் உண்டு.

இன்னொன்று, கொதிகலனை நிறுத்தி மறுபடி மூட்டும் நேரம். ஆரம்பத்தில் எண்ணெய் ஊற்றி எரிக்கும்போது, சாம்பலைப் பிடிக்கும் மின்வடிகட்டியைப் பெரும்பாலும் ஓட்ட மாட்டார்கள், அதன் தகடுகளில் பிசின் ஒட்டிவிடும் என்பதால். அந்தச் சில மணி நேரப் புகை வேறு ரகம். சுத்திகரிப்பு ஆலையில் உயரத்தில் எரியும் தீப்பிழம்பும் அப்படித்தான். சுத்தமாக எரிந்தால் பெரிதாகப் புகை தெரியாது. கறுப்பாகப் புகைந்தால் சரியாக எரியவில்லை என்று பொருள். அந்த நேரத்தைக் குறித்து வையுங்கள்.

சராசரி எதை மறைக்கிறது

"செயலியில் பார்த்தேன், காற்று 'திருப்திகரம்'னு பச்சையா காட்டுதே, அப்புறம் எனக்கு ஏன் இளைக்குது?" என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி.

காற்றுத் தரக் குறியீடு எட்டு மாசுகளை வைத்துக் கணக்கிடப்படுகிறது: பிஎம் 10, பிஎம் 2.5 என்ற இரண்டு அளவு நுண்தூசிகள், நைட்ரஜன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அதில் இல்லை. எண்ணெய் ஆவியில் இருக்கும் பென்சீனும் இல்லை. அதாவது, மணலிப் பக்கம் மக்கள் எதைப் பற்றி அதிகம் புகார் சொல்கிறார்களோ, அது அந்த எண்ணில் ஏறாது.

அடுத்தது நேரம். கந்தக டை ஆக்சைடுக்கு நம் நாட்டு வரம்பு 24 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ராத்திரி ஒரு மணி நேரம் 1,000 மைக்ரோகிராம், மீதி 23 மணி நேரமும் 20. சராசரி 61தான் வரும். வரம்புக்குள் இருக்கிறது, அறிக்கையில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் இந்த வாயு ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாயைச் சுருக்க சில நிமிடங்கள் போதும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் இதற்குப் பத்து நிமிட வரம்பு என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறது: 500 மைக்ரோகிராம். சராசரி எடுத்து மூச்சுவிட யாராலும் முடியாது.

பிஎம் 2.5 கதை வேறு. அது உடனே இருமல் வரவைக்காமல் போகலாம். நுரையீரலின் காற்றுப் பைகள் வரை போய், வருடக்கணக்கில் மெதுவாக வேலை செய்யும். இதற்கு நம் ஆண்டுச் சராசரி வரம்பு 40. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்த வரம்பு 5. மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பு கூடும், குழந்தைகளின் நுரையீரல் வளர்ச்சி குறையும், குறைந்த எடையில் குழந்தை பிறக்கலாம். வெளிக்காற்று மாசு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-லேயே அறிவித்துவிட்டது. பீடி, சிகரெட்டைத் தொடாத பெண்களுக்கு சிஓபிடி என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோய் இருப்பதைப் பார்த்தால் இப்போது எங்களுக்கு ஆச்சரியம் வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி

தொழிற்சாலைக் காற்று என்றதும் வெளியே வசிப்பவர்களைத்தான் பேசுகிறோம். உள்ளே நிற்பவர்தான் முதலில் அதை மூச்சிழுக்கிறார். நோயாளிச் சீட்டில் தொழில் என்ற கட்டத்தில் 'கூலி' என்று எழுதி முடித்துவிடுகிறோம். என்ன கூலி? அம்பத்தூரில் ஸ்ப்ரே பெயின்டிங்கா, மணல் வைத்து வார்ப்பட வேலையா, கும்மிடிப்பூண்டிப் பக்கம் பழைய டயரைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கும் இடமா? ஒவ்வொன்றுக்கும் வரும் நோய் வேறு. சக மருத்துவர்களிடம் நான் வாதாடுவது பெரும்பாலும் இந்த ஒரு கட்டத்துக்காகத்தான்.

வண்டி உதிரிபாகங்களுக்கு இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பெயின்ட் ஒன்று உண்டு. அதில் உள்ள ஐசோசயனேட் சிலருக்கு ஆஸ்துமாவையே புதிதாக உண்டாக்கிவிடும். அந்த வேலை செய்யும் ஒரு தம்பியிடம் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "லீவு நாள்ல நல்லாத்தான் இருக்கேன் மேடம். தீபாவளிக்கு ஊருக்குப் போனா இன்ஹேலர் பம்ப்பே தேவைப்படல" என்றார். சந்தேகம் பாதி தீர்ந்தது. மீதிக்கு பீக் ஃப்ளோ மீட்டர். முள் ஓடும் சின்னப் பிளாஸ்டிக் குழாய், சில நூறு ரூபாய்தான். முழு மூச்சு இழுத்து ஒரே ஊதாக ஊதினால், மூச்சு எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று எண் காட்டும். தினம் நாலு வேளை, மூன்று நாலு வாரம், வேலை நாள் லீவு நாள் இரண்டிலும் எழுதச் சொன்னேன். பழைய டைரி ஒன்றில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிக்கொண்டு வந்தார். ஞாயிறு 420. செவ்வாய் 360. வியாழன் சாயங்காலம் 300. மறு ஞாயிறு மறுபடி 400-க்கு மேல். எந்த ஸ்கேனும் இவ்வளவு தெளிவாகப் பேசாது.

இந்த வகை ஆஸ்துமா ஒருமுறை ஒட்டிக்கொண்டால் துளி ஆவியே போதும், நெஞ்சு இறுகிவிடும். முகக்கவசம் மட்டும் காப்பாற்றாது. அந்தப் பொருளிலிருந்து ஆளைச் சீக்கிரம் விலக்க வேண்டும். தாமதித்தால் வேலையை விட்ட பிறகும் இளைப்பு கூடவே வரும். வேலையை விடச் சொல்வது எனக்குச் சுலபம், அவருக்கு இல்லை. அதனால் அதே ஆலையில் வேறு பிரிவுக்கு மாற்றக் கேட்டுக் கடிதம் எழுதிக் கொடுக்கிறோம். சில முதலாளிகள் மதிக்கிறார்கள். இஎஸ்ஐ அட்டை இருப்பவர்கள் அங்கேயும் பதிவு செய்துவிடுங்கள். மணல் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் போன்றவை சட்டம் பட்டியலிட்ட தொழில்நோய்கள், இழப்பீடு கேட்க உரிமை உண்டு.

எதைச் செய்யலாம்

ஆலைக்குள் செய்ய வேண்டியது யாருக்கும் தெரியாத ரகசியமல்ல. தூசிக்கு மின்வடிகட்டி அல்லது பை வடிகட்டி. கந்தகத்துக்குச் சுண்ணாம்புக்கல் கரைசலால் புகையைக் கழுவும் அமைப்பு. கசிவுக்குக் கருவி வைத்து வால்வு வால்வாகத் தேடி அடைப்பது. அனல்மின் நிலையங்களுக்கு 2015-ல் கந்தக டை ஆக்சைடு வரம்பு கொண்டுவந்து இரண்டு வருடம் அவகாசம் கொடுத்தார்கள். அந்த அவகாசம் அதற்குப் பிறகு நீண்டுகொண்டே போனது. உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்தால் கேட்டருகே மரக்கன்று நடுவதில் மட்டும் தாமதமே கிடையாது. மரம் நல்லதுதான். கசியும் வால்வை அது அடைக்காது.

நாற்றம் அடித்தால் பக்கத்து வீட்டில் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். தேதி, மணி, எவ்வளவு நேரம் அடித்தது, எந்தத் திசைக் காற்று, என்ன மாதிரி நாற்றம், வீட்டில் யாருக்கு என்ன ஆனது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். தெருவில் நாலு வீடு எழுதினால் இன்னும் பலம். அதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஆலை இயங்க வாரியம் கொடுத்த இசைவாணையில் என்னென்ன நிபந்தனை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 'எப்பவும் நாறுது' என்ற புகாரை அதிகாரி ஒதுக்கிவிடுவார். '1:40 முதல் 2:30 வரை, மேற்குக் காற்று' என்று இருந்தால் அந்த நேரத்துப் பதிவை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு பள்ளி மாணவிகள் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்குப் போனார்களே, எங்கிருந்து வந்த வாயு என்ற கேள்விக்கு அப்போது உடனடியாகத் தெளிவான பதில் கிடைக்கவில்லை.

வீட்டில்: விடியற்காலை ஜன்னலை மூடி, காற்று நன்றாக வீசும் நேரத்தில் திறங்கள். துடைப்பம் போட்டுப் பெருக்கினால் தூசி மறுபடி மேலே எழும்பும். ஈரத்துணியால் துடைப்பது மேல். ஜன்னலை இறுக்கி மூடிவிட்டு உள்ளே கொசுவத்திச் சுருள் ஏற்றுகிறவர்களை என்ன சொல்வது, வலை கட்டுங்கள். என்95 முகக்கவசம் தூசிக்கு உதவும், வாயுவை நிறுத்தாது. 'பம்ப்பு அடிச்சா பழக்கமாயிடும்' என்று பயந்து தடுப்பு இன்ஹேலரை நிறுத்துகிறவர்கள்தான் ராத்திரி நெபுலைசருக்கு ஓடி வருகிறார்கள். நன்றாக இருக்கும் நாளிலும் அதை எடுக்க வேண்டும்.

கடைசியாக வாயுக்கசிவு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். அப்படி ஒரு நேரத்தில் காற்று போகும் திசையிலேயே ஓடாதீர்கள், குறுக்கே விலகிப் போங்கள். அம்மோனியா தண்ணீரில் கரையும், ஈரத்துணியை மூக்கில் வைப்பது உதவும். குளோரின் காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். மாடிக்குப் போவது நல்லது. கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடமாவது சுத்தத் தண்ணீரால் கழுவுங்கள். ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் மூக்கே மரத்துவிடும். நாற்றம் நின்றதால் வாயு போய்விட்டது என்று நம்பி உள்ளே திரும்பாதீர்கள். பாதாளச் சாக்கடையில் இறங்குகிறவர்களைக் கொல்வதும் இதே வாயுதான். நைட்ரஜன் டை ஆக்சைடு போன்ற சில வாயுக்கள் அப்போது லேசான இருமலோடு விட்டுவிட்டு, பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்க வைக்கும். 'இப்ப சரியாயிடுச்சு' என்று வீட்டுக்குப் போகாமல் அன்றே மருத்துவமனையில் காட்டி, எத்தனை மணிக்கு, எங்கே நின்று மூச்சிழுத்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். என்ன வாயு என்று யாராவது அறிவித்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.