கீழ்ப்படியாமை வேறு, சட்டமறுப்பு வேறு

போன மாதம் ஒரு மொழிபெயர்ப்புக் கைப்பிரதி மெய்ப்புப் பார்க்க வந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் பற்றிய நூல். உழைத்துச் செய்திருந்தார்கள், நடையும் மோசமில்லை. ஆனால் நீதியற்ற சட்டத்தை வெளிப்படையாக மறுத்துத் தண்டனையை ஏற்பதைக் குறிக்கும் 'சிவில் டிஸ்ஒபீடியன்ஸ்' என்ற ஆங்கிலத் தொடருக்குப் பக்கத்துக்குப் பக்கம் 'குடிமைக் கீழ்ப்படியாமை' என்றொரு தொடர். முதல் மூன்று இடங்களில் பென்சிலால் கோடு போட்டேன். நான்காவது இடத்தில், வெள்ளையருக்காகப் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் வருகிறார்: 'ஓட்டுநருக்குக் கீழ்ப்படியாத காரணத்தால் கைதுசெய்யப்பட்டார்.' பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். இதே தொடரைத் தொலைக்காட்சி விவாதங்களிலும் போட்டித்தேர்வுக் குறிப்புகளிலும் கொஞ்ச காலமாகவே கேட்டும் பார்த்தும் வருகிறேன். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

அந்த ஆங்கிலத் தொடரின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'சிவில்' என்பது குடிமகனைக் குறிக்கும் 'சிவிஸ்' என்ற லத்தீன் சொல்வழி வந்தது. 'ஒபே' என்பதன் வேரில் இருப்பது காதுகொடுத்துக் கேட்டல். நாம் 'சொன்ன பேச்சைக் கேள்' என்கிறோமே, அதே கேட்டல். மெக்சிகோ மீதான போரையும் அடிமை முறையையும் நடத்தும் அரசுக்குத் தலைவரி கட்டமாட்டேன் என்று அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1846 ஜூலையில் கான்கார்டு ஊர்ச் சிறையில் ஓர் இரவு இருந்தார். அதைப் பற்றி எழுதிய கட்டுரை 1849இல் அச்சானபோது அதன் தலைப்பு 'சிவில் அரசாங்கத்துக்கு எதிர்ப்பு'. அவர் 1862இல் இறந்தார். 1866இல் வந்த தொகுப்பில்தான் அந்தக் கட்டுரைக்கு 'சிவில் டிஸ்ஒபீடியன்ஸ்' என்ற இன்றைய தலைப்பு ஏறியது. முதல் தலைப்பில் 'சிவில்' என்பது அரசாங்கத்துக்கு அடைமொழி. இரண்டாவதில் மறுக்கிறவரின் செயலுக்கு அடைமொழி. காந்தி அதே சொல்லுக்கு இன்னொரு பொருளை அழுத்திச் சொன்னார்: நயம், மரியாதை, வெறுப்பின்மை. இவை இல்லாத மறுப்பு 'சிவில்' ஆகாது என்பது அவர் வாதம். ஆக, ஆங்கிலத்திலேயே மூன்று முகம் காட்டும் சொல் அது. அதன்மேல் 'குடிமை' என்று ஒட்டிவிட்டு மொழிபெயர்த்தாயிற்று என்று நகர்ந்துவிட முடியாது.

'குடிமை' கூடப் பெரிய சிக்கல் இல்லை. என் சண்டை கீழ்ப்படியாமையோடு.

தூசு படிகிறது, வண்டல் படிகிறது. மேலே இருப்பது கீழே வந்து அடங்குவது படிதல். கீழ்ப்படிதல் என்றால் ஒருவருக்குக் கீழே அப்படி அடங்கி இருத்தல். இந்தச் சொல் நம் வாழ்க்கையில் எங்கெல்லாம் புழங்குகிறது என்று பாருங்கள். பள்ளிக்கூட நன்னடத்தைச் சான்றிதழில், தமிழ் விவிலியத்தில், போலீஸ் அணிவகுப்புத் திடலில், மருமகளைப் பற்றிய பழைய வீட்டுப் பேச்சில். எல்லா இடத்திலும் மேலே ஒருவர் இருக்கிறார். அவருக்குக் கட்டளையிட உரிமை உண்டு என்பது கேள்விக்கு அப்பாற்பட்டது. அந்த இடத்தில் படியாதவர் தப்பு செய்தவர், அடங்காப்பிடாரி.

'ஆமை' விகுதி எதிர்மறைதானே, அதில் இழிவு எங்கே இருக்கிறது என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. கொல்லாமையும் பொய்யாமையும் நம்மிடம் அறங்கள். ஆனால் அவை அறமானது, கொலையையும் பொய்யையும் நாம் தீமை என்று கொள்வதால். அடக்கம் நல்லது என்று கொண்டதால்தான் குறளில் அடங்காமை ஆரிருளில் கொண்டுபோய்விடுகிறது. தமிழ்க் காதில் கீழ்ப்படிதல் நல்ல குணம். அதற்கு 'ஆமை' சேர்த்த அந்த நொடியே குற்றம் பிறந்துவிடுகிறது. அதாவது, வழக்கு நடக்கும் முன்பே மொழிபெயர்ப்பாளர் தீர்ப்பு எழுதிவிடுகிறார்.

பார்க்ஸின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1955 டிசம்பர் 1, மாண்ட்காமரி நகரம், வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம். வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழச் சொன்னார் பேருந்து ஓட்டுநர். பார்க்ஸ் எழவில்லை. உன்னைக் கைதுசெய்ய வைப்பேன் என்றார் ஓட்டுநர். 'நீங்கள் அப்படிச் செய்யலாம்' என்றார் பார்க்ஸ். அடக்கமில்லாதவர் பேசும் பேச்சா இது? ஓட்டுநரின் அதிகாரத்தை அவர் பிடுங்கவில்லை, ஓடவில்லை, ஒளியவில்லை. தண்டனைக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு அந்த ஒரு விதியை மட்டும் ஏற்கமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். அபராதம் 10 டாலர், நீதிமன்றச் செலவு 4 டாலர். அதன்பின் அந்த ஊர்க் கறுப்பின மக்கள் 381 நாள் பேருந்தில் ஏறாமல் நடந்தார்கள். 'ஓட்டுநருக்குக் கீழ்ப்படியவில்லை' என்று எழுதினால் இது அத்தனையும் ஒரு பயணிக்கும் ஓட்டுநருக்கும் நடந்த தகராறாகச் சுருங்கிவிடுகிறது.

இத்தனைக்கும் நம்மிடம் சொல் இல்லாமல் போகவில்லை. 1930ஆம் ஆண்டு காந்தி தொடங்கிய இயக்கத்துக்குப் பள்ளிப் பாடநூல்களே தந்த பெயர் 'சட்டமறுப்பு'. அந்தச் சொல்லை மூலையில் போட்டுவிட்டு அகராதியைப் புரட்டிப் புதிதாக ஒன்றை ஒட்டுவது எனக்கு விளங்கவே இல்லை. காந்தி தென்னாப்பிரிக்காவில் தம் போராட்டத்துக்கு 'பாசிவ் ரெசிஸ்டன்ஸ்' என்ற ஆங்கிலப் பெயர் பொருந்தவில்லை, பலவீனரின் ஆயுதம் என்று அதைப் பிறர் புரிந்துகொள்கிறார்கள் என்று கண்டதும் பத்திரிகையில் பரிசு அறிவித்துப் புதுச்சொல் கேட்டார். மகன்லால் காந்தி 'சதாக்கிரகம்' என்று அனுப்ப, அதைத் திருத்தி 'சத்தியாக்கிரகம்' ஆக்கினார். போராட்டத்தின் நடுவே உட்கார்ந்து ஒரு பெயருக்காக அவ்வளவு மெனக்கெட்டவர் அவர்.

சட்டமறுப்பு ஏன் சரி? முதலில் மறுப்பு. மறுப்பது நேருக்கு நேர் செய்யும் காரியம். காரணம் சொல்லித்தான் மறுக்கிறோம், மறுத்துவிட்டு எதிரிலேயே நிற்கிறோம். மீறுவது வேறு. இரவு பதினொரு மணிக்கு யாரும் பார்க்கவில்லை என்று சிவப்பு விளக்கைத் தாண்டுகிறவர் மீறுகிறார். அவர் சட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, பிடிபடாமல் இருந்தால் போதும் அவருக்கு. ஆகவே 'சட்டமீறல் இயக்கம்' என்று எழுதுவதும் தவறு. அடுத்தது சட்டம். ஜன்னலுக்கும் கதவுக்கும் போடும் மரச்சட்டமும் இதே சொல்தான். கோணலான ஒரு சட்டத்தைத் தச்சர் கழற்றச் சொல்வது சுவரை இடிக்கச் சொல்வது ஆகாது. நீதியற்ற சட்டத்தை வெளிப்படையாக, அன்போடு, தண்டனையை ஏற்கும் மனத்தோடு மறுக்கிறவர் சட்டத்தின் மீது உயர்ந்த மதிப்பு வைத்திருப்பவர் என்று மார்ட்டின் லூதர் கிங் 1963இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதியதும் இதைத்தான்.

'ஒத்துழையாமை' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது 1920இல் தொடங்கிய இயக்கத்தின் பெயர். பட்டத்தைத் திருப்பிக் கொடுப்பது, அரசுக் கல்லூரியை விட்டு வெளியேறுவது, நீதிமன்றம் போகாமல் இருப்பது எல்லாம் ஒத்துழையாமை. அவற்றில் எந்தச் சட்டமும் உடையவில்லை. உப்புக் காய்ச்சினால் சட்டம் உடைகிறது. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது மியான்மரின் மருத்துவர்களும் ரயில்வே ஊழியர்களும் வேலைக்குப் போகாமல் நின்றதை நம் செய்திகளில் ஒத்துழையாமை இயக்கம் என்றார்கள். ஆங்கிலப் பெயர் வேறாக இருந்தாலும் அங்கே தமிழ்ச் சொல் செயலுக்குப் பொருந்துகிறது, அதனால் எனக்கு அதில் குறை இல்லை. எல்லா இடத்துக்கும் அதையே போடுவதில்தான் குறை.

மீறல், ஒத்துழையாமை, சட்டமறுப்பு மூன்றையும் வேதாரண்ய உப்பு யாத்திரையில் ஒரே இடத்தில் பார்க்கலாம். 1930 ஏப்ரல் 13இல் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் நடந்தார்கள். நடப்பவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். வழியிலிருந்த மக்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள். அன்பினால் செய்ததுதான், ஆனால் பெயர் சொல்லிச் செய்யவில்லை; சொல்லளவில் அது மீறல். போலீஸ்காரருக்குச் சவரம் செய்யமாட்டேன் என்று கத்தியை மடக்கிய வைரப்பன் செய்தது ஒத்துழையாமை. அதற்காக அவர் சிறைக்கும் போனார். உப்புச் சட்டத்தை மறுக்கப்போவதாக ஊரறியச் சொல்லிவிட்டு, ஏப்ரல் 30 அன்று வெளிப்படையாக உப்பை அள்ளிக் கைதானாரே ராஜாஜி, அது சட்டமறுப்பு. மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் இந்த வேறுபாடு நம் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

சட்டமறுப்பு என்ற சொல்லுக்கும் ஒரு குறை உண்டு. வன்முறை இல்லை என்பது அதில் வெளிப்படையாக இல்லை. துப்பாக்கி ஏந்தியவனும் சட்டத்தை மறுக்கத்தானே செய்கிறான் என்று கேட்கலாம். தேவைப்படும் இடத்தில் 'அறவழிச் சட்டமறுப்பு' என்று எழுதலாம். 'அறப்போர்' போதுமே என்றால், எனக்கு உடன்பாடில்லை. புறநானூற்றின் 9ஆம் பாட்டில் பசுக்களும் பெண்களும் நோயாளிகளும் அரணுக்குள் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டு அரசன் அம்பு எய்கிறான். முன்னறிவிப்பு அங்கேயும் உண்டு, ஆனால் பின்னால் வருவது அம்பு.

இதைவிட எனக்குக் கவலை தருவது, மறுப்பையும் 'கிளர்ச்சி' என்ற ஒரே பெட்டியில் போடும் பழக்கம். ஒரு காலத்தில் கிளர்ச்சி என்றால் ஊர்வலமும் மறியலும். பின்னாளில் சிரியாவிலும் ஏமனிலும் ஆயுதம் ஏந்திய குழுக்களை நாளேடுகள் 'கிளர்ச்சியாளர்கள்' என்று எழுதின. சொல் இடம் மாறிவிட்டது, எழுதுகிறவர்கள் கவனிக்கவில்லை. 1806இல் வேலூரில் நடந்ததை வெகுகாலம் கலகம் என்றோம், இப்போது புரட்சி என்கிறோம். பெயர் மாறியதும் அதில் செத்தவர்கள் குற்றவாளிகளிலிருந்து தியாகிகள் ஆனார்கள். பெயருக்கு அவ்வளவு பலம் இருக்கிறது. அநீதியான அரசின் கீழ் இருக்கும் ஒரு மனிதனிடம் 'ஒன்று மனுக் கொடு, இல்லையேல் கலகம் செய்' என்று இரண்டே வழி காட்டுகிற மொழி அவனை ஏமாற்றுகிறது. மனு பயன்படாதபோதும் ஆயுதம் எடுக்க விரும்பாதவனுக்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது. 1922இல் அகமதாபாத் நீதிமன்றத்தில் காந்தி குற்றத்தை ஒப்புக்கொண்டு, சட்டம் தரும் அதிகபட்சத் தண்டனையைக் கொடுங்கள் என்று நீதிபதி புரூம்ஃபீல்டிடம் கேட்டு ஆறாண்டு பெற்றது அந்த வழியில் நின்றுதான். அதற்குத் தனிப்பெயர் இல்லாவிட்டால், அரசுகள் அவரையும் கலகக்காரர் கணக்கில் எழுதிக்கொள்வது சுலபம்.

மொழிபெயர்ப்பாளரிடம் தொலைபேசியில் பேசினேன். 'அகராதியில் அப்படித்தானே சார் போட்டிருக்கு' என்றார். இளைஞர், அக்கறையானவர். அகராதி சொல்லுக்குப் பொருள் தரும், அந்தப் பேருந்தில் என்ன நடந்தது என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும் தம்பி என்றேன். மறுநாள் அந்த வரியைத் திருத்தி அனுப்பியிருந்தார்: 'எழ மறுத்தார். கைதுசெய்யட்டும் என்று காத்திருந்தார்.'