என்-வகையும் பி-வகையும் கண்ணாடிப் பிம்பங்கள் அல்ல

பாடநூல்கள் என்-வகை, பி-வகைக் குறைகடத்திகளை (கடத்திக்கும் காப்பானுக்கும் இடைப்பட்ட சிலிக்கான் போன்ற பொருள்களை) ஒரே அட்டவணையின் இரு பத்திகளில் போட்டு, ஒன்றில் எலக்ட்ரான், மற்றொன்றில் துளை (நேர்மின்னூட்டம்போல் நடந்துகொள்ளும் எலக்ட்ரான் காலியிடம்) என்று எழுதி முடித்துவிடுகின்றன. தேர்வுக்கு அது போதும். ஆனால் மின்னூட்டத்தின் குறியை மட்டும் மாற்றிப்போட்டால் ஒன்று மற்றொன்றாகிவிடும் என்ற தவறான எண்ணமும் அதனால் தங்கிவிடுகிறது.

தூய சிலிக்கானில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 5×10²² அணுக்கள் இருந்தும், அறை வெப்பநிலையில் பிணைப்பை முறித்துக்கொண்டு வெளிவரும் எலக்ட்ரான்கள் ஏறக்குறைய 10¹⁰ மட்டுமே. ஏனெனில் ஒன்றை விடுவிக்க 1.12 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேண்டும். அரைக் கோடி சிலிக்கான் அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில் பாஸ்பரசைச் சேர்த்தாலே அந்த எண்ணிக்கை 10¹⁶ ஆகிவிடுகிறது. பாஸ்பரசின் ஐந்தாவது எலக்ட்ரானுக்குப் பிணைப்பில் இடமில்லை, வெறும் 0.045 எலக்ட்ரான்வோல்ட்டில் அது கழன்றுவிடும். இதுவே என்-வகை. மூன்றே வெளி எலக்ட்ரான்கள் கொண்ட போரானோ, ஏறக்குறைய அதே ஆற்றலில் அண்டைப் பிணைப்பிலிருந்து ஒன்றை வாங்கிக்கொள்ள, அங்கே ஒரு துளை உண்டாகிறது. இது பி-வகை. இதுவரை அட்டவணை சரிதான். (என்-வகைப் பொருள் எதிர்மின்னூட்டம் கொண்டது என்று நினைப்பவர்கள் உண்டு, எலக்ட்ரானை இழந்த பாஸ்பரஸ் அயனி அங்கேயே நிற்பதால் பொருள் நடுநிலையில்தான் இருக்கிறது.)

எலக்ட்ரான்கள் பெருகும்போது துளைகள் முன்பிருந்த அளவிலேயே நிற்பதில்லை. எதிர்ப்படும் எலக்ட்ரான்களோடு சேர்ந்து அவை மறைவதால், இரண்டின் பெருக்கல் தொகை 10²⁰ என்ற அளவிலேயே நிலைக்கிறது. எலக்ட்ரான்கள் 10¹⁶ என்றால் துளைகள் 10⁴, அதாவது கன சென்டிமீட்டருக்கு வெறும் பத்தாயிரம்.

உண்மையான வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. மாசு (சேர்க்கப்பட்ட பிற அணுக்கள்) குறைந்த சிலிக்கானில் எலக்ட்ரானின் இயக்க எண், அதாவது மின்புலத்தில் அது எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதன் அளவு, சுமார் 1400 செ.மீ²/வோல்ட்-விநாடி. துளைக்கு 450-ஐ ஒட்டியே வரும். எலக்ட்ரான் பிணைப்பிலிருந்து விடுபட்டு, கடத்துப் பட்டை எனப்படும் உயர் ஆற்றல் நிலைகளில் ஓடுகிறது. துளையின் நகர்வோ, பிணைப்பிலுள்ள எலக்ட்ரான்கள் அடுத்தடுத்து இடம் மாறுவதன் கூட்டு விளைவு, அதன் பயனுறு நிறையும் (படிகத்துக்குள் நகரும்போது அது காட்டும் நிறை) அதிகம். எனவே 10¹⁶ என்ற ஒரே அளவில் மாசூட்டினாலும் என்-வகையின் மின்தடை எண் (பொருள் மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு) சுமார் 0.5 ஓம்-சென்டிமீட்டர், பி-வகையின் மின்தடை எண் சுமார் 1.5. சிப் வடிவமைப்பாளர்கள் பி-வகை டிரான்சிஸ்டரை என்-வகையைவிட ஏறக்குறைய இரு மடங்கு அகலமாக வரைந்துவந்ததற்கு இந்த மந்தமே காரணம்.

கையிலுள்ள துண்டு எந்த வகை என்று கண்ணால் சொல்ல முடியாது. மல்டிமீட்டரின் நேர்முனையைச் சூடான சால்டரிங் அயர்ன் நுனியோடு இணைத்து, அந்த நுனியையும் குளிர்ந்த எதிர்முனையையும் துண்டின் மேல் வைத்தால் போதும். சூடான இடத்திலிருந்து பெரும்பான்மை ஊர்திகள் (என்-வகையில் எலக்ட்ரான்கள், பி-வகையில் துளைகள்) குளிர்ந்த பக்கம் விலகிச்செல்லும். எலக்ட்ரான்கள் விலகினால் மீட்டர் நேர்க்குறி காட்டும், துளைகள் விலகினால் எதிர்க்குறி.