வடாம் காயும், இட்லி வேகும்: பட்டி பார்க்கும் வேதியியல்

அக்னி நட்சத்திர வெயிலில் உட்கார்ந்து 1:72 அளவு மிக்-21 பொம்மை விமானத்தின் இறக்கைகளை உடலோடு ஒட்டினேன். இரு பக்கமும் நகம்கூட நுழையாத சந்து. குழாயில் வரும் பட்டியை, அதாவது சந்து அடைக்கும் மாவை, பிதுக்கி அடைத்து, மறுநாள் காலை தேய்த்து, மாலையே வண்ணமும் அடித்துவிட்டேன். பத்து நாளில் சந்து அதே இடத்தில் மெல்லிய வாய்க்காலாகத் திரும்பி வந்துவிட்டது. ஆழம் 0.2 மி.மீ. இருக்கலாம். அசல் விமானத்தில் அது ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர். எந்த விமானியும் ஏற மாட்டார்.

மொட்டை மாடியில் வடாம் பிழிந்தவர்களுக்குக் காரணம் சட்டென விளங்கும். மேல்பக்கம் சீக்கிரமே தோல் கட்டிவிடும். திருப்பினால் அடியில் ஈரம். குழாய்ப் பட்டி என்பது ரெசின் என்ற பிசினும் நுண்பொடியும் கரைப்பானில் குழைந்த கலவை. கரைப்பான் ஆவியாக ஆவியாகப் பட்டி இறுகுகிறது, கூடவே சுருங்குகிறது. தோலுக்கு அடியில் சிக்கிய கரைப்பான் வெளியேற நாட்கணக்காகும். போதாததற்கு, பொம்மையின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கையும் அது இளக்குகிறது. பட்டி நன்றாகப் பிடிப்பது அதனால்தான். அவசரப்பட்டுத் தேய்த்தால் பள்ளம் விழுவதும் அதனால்தான். மெல்லிய பூச்சாக இட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளாவது விட வேண்டும்.

எம்-சீல் போன்ற எபாக்சி பட்டி காய்வதில்லை, இட்லி போல வேகிறது. இரண்டு உருண்டைகளைப் பிசைந்ததும் மூலக்கூறுகள் கைகோத்து வலையாகின்றன. எதுவும் ஆவியாகிப் போக வேண்டியதில்லை என்பதால் சுருக்கம் மிகக் குறைவு. பிசைந்ததில் நிறக்கோடு தெரிந்தால், அந்த இடம் வேகாத மாவு. இறுகுமுன் ஈர விரலால் வழித்துவிட்டால் உப்புத்தாள் வேலை பாதி மிச்சம்.

புதுப்பேட்டையில் டிங்கர் வேலைக்கு வாங்கும் கார் பட்டியும் வேகும் ஜாதிதான். அதன் நெடி ஸ்டைரீனுடையது. அந்த மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்தால் கிடைப்பதுதான் பொம்மையின் பாலிஸ்டைரீன். அதை இறுக வைக்கும் ஹார்டனர் நூற்றுக்கு இரண்டு பங்கு போதும். மே மாத மதியத்தில் கை தாராளமானால் கலவை தட்டிலேயே கல்லாகிவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மயிரிழைச் சந்துக்கு என் தேர்வு ஃபெவிக்விக் வகைப் பசை. அதை இறுக வைப்பது காற்றின் ஈரம். சென்னையில் அதற்குப் பஞ்சமா! ஆனால் மழைக்காலத்தில் சுற்றிலும் வெள்ளைப் புகை போலப் படியும். ஒட்டிய ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். மறுநாள் தொட்டால் பசை அசையாது, பக்கத்துப் பிளாஸ்டிக்தான் தேயும்.

வலது இறக்கையைச் சுரண்டி, இந்தப் பசையால் சரிசெய்துவிட்டேன். இடது பக்கத்தைத் தொடவில்லை. அங்கே வடாம் இன்னும் காய்ந்துகொண்டிருக்கலாம்.