தேக்குத் தூண் எங்கே மக்குகிறது?

கடலோர ஊரான கீழக்கரையின் பழைய வீடுகளில் பர்மா தேக்குத் தூணைத் தட்டிப் பாருங்கள். நெஞ்சு உயரத்தில் கணீரென்று கேட்கும். தரையை ஒட்டித் தட்டினால் சிலவற்றில் பொத்தென்று கேட்கும். மக்கல் தொடங்கும் இடம் அது.

பழியைக் கடற்காற்றின்மேல் போடுவது வழக்கம். ஆனால் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் இருந்தாலும், நிழலில் நிற்கும் மரத்தின் ஈரம் ஏறத்தாழ 16 சதவீதத்தில் நின்றுவிடும். மக்கவைக்கும் பூஞ்சைக்கு 20 சதவீதத்துக்கு மேல் வேண்டும். அந்த மிச்ச ஈரம் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும்தான் வருகிறது.

மரத்தின் நாளங்கள் நீளவாக்கில் ஓடுவதால், பக்கவாட்டைவிட வெட்டுமுனை பல மடங்கு வேகமாகத் தண்ணீர் குடிக்கும். அதனால்தான் ஆசாரிகள் தூணை மண்ணில் நடாமல், தரைக்கு மேல் எழும்பிய கல் பீடத்தில் நிறுத்தினார்கள். பழைய தரைமேலேயே டைல்ஸ் ஒட்டி 2 அங்குலம் உயர்த்தினால் பீடம் புதைந்துவிடும். வீடு கழுவும் தண்ணீர் நேரே தூணடிக்குப் போகும். அந்தத் தூணுக்கு இதைவிடப் பெரிய கெடுதல் இல்லை.

அடுத்த பலவீனம், சுவருக்குள் புதைந்த உத்தரத்தின் முனை. கடலோரச் சுவரில் உப்பு உண்டு. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். காற்று உலர்ந்தால் மறுபடி படிகமாகும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டு, தான் மட்டும் உதிரும்; திரும்பப் பூசிக்கொள்ளலாம். சிமென்ட் பூசினால் வழி அடைபட்டு, ஈரம் சுவரில் மேலேறி உத்தரத்தைத் தொடும். இரும்பு ஆணியும் வேண்டாம். துரு பருத்து மரத்தைப் பிளக்கும். ஆணியைச் சுற்றிக் கருவளையம் தெரிந்தால் உள்ளே மரம் இளகத் தொடங்கியிருக்கலாம். கறையான் தேக்கின் வைரத்தை, அதாவது கெட்டியான நடுமரத்தை, எளிதில் தொடாது, வெளிர்நிற ஓரத்தைத் தின்னும்.

தூணடியைச் சரிசெய்யச் சித்திரை, வைகாசி ஏற்ற காலம். குத்தூசி எளிதாக இறங்கும் உயரம்வரை மக்கியிருக்கிறது என்று கொள்ளுங்கள். உத்தரத்துக்கு இருபுறமும் முட்டுக் கொடுத்து, பாரம் தூணைவிட்டு நீங்கும் அளவுக்கு மட்டும் ஜாக்கியை ஏற்ற வேண்டும். அதிகம் தூக்கினால் மேல்தளம் விரிசல் விடும். நல்ல மரம் வரை வெட்டி, தூண் கனத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு நீளத்துக்கு, இரண்டு முனையையும் சாய்வாகச் செதுக்கிப் பொருத்தும் சாய்மூட்டுப் போட்டு, மரமுளையால் இறுக்குவார்கள். ஒட்டும் துண்டு நன்றாகக் காய்ந்த பழைய தேக்காக இருக்கட்டும். பச்சை மரம் சுருங்கி மூட்டு வாய் பிளக்கும். கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே ஈயத்தகடு வைத்தால் ஈரம் ஏறாது. தகட்டின் ஓரம் தூணுக்கு வெளியே நீட்டக்கூடாது. நீட்டினால் கழுவும் தண்ணீர் அதன்மேல் தேங்கி, மறுபடி வெட்டுமுனைக்கே போய்விடும்.