‘வீட்டு வரி’ ‘வீடு வரி’ ஆனது எப்படி? கீபோர்டு சுவிட்ச் வாங்கும் முன்

போன ஆடியில் ஓர் அக்கா புத்தம் புது மெக்கானிக்கல் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு என் சர்வீஸ் கடைக்கு வந்தார். டிடிபி வேலை பார்ப்பவர், நாள் முழுக்கத் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில்தான் அடிப்பார். “தம்பி, இது எழுத்த முழுங்குது. ‘வீட்டு வரி’ன்னு அடிச்சா ‘வீடு வரி’ன்னு விழுது. ‘விட்டு’ அடிச்சா ‘விடு’. எல்லாமே இருக்கிற வார்த்தைதான்கிறதால பிழைதிருத்தியும் காட்ட மாட்டேங்குது. ஒரு நோட்டீஸ் அப்படியே அச்சுக்குப் போயிருச்சு” என்றார். குரலே உடைந்திருந்தது.

திறந்து பார்த்தேன். பழுது ஒன்றும் இல்லை. மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கு அடியிலும் தனித்தனி சுவிட்ச் இருக்கும், நடுத்தண்டின் நிறத்தை வைத்து அதன் வகையைச் சொல்வார்கள். இதன் உள்ளே இருந்தது நீல சுவிட்ச்.

“ட-வை மட்டும் ரெண்டு ரெண்டு தரமா வேகமா அடிங்கக்கா” என்று சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்டேன். முதல் அடிக்கு ‘டிக்’. இரண்டாவது அடிக்குப் பல முறை சத்தமே வரவில்லை. சத்தம் வராதபோதெல்லாம் திரையில் எழுத்தும் விழவில்லை.

தமிழ்99-இல் ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். அ, க, க, ஆ என்று தட்டினால் ‘அக்கா’. அழகான ஏற்பாடு. ஆனால் க்க, ட்ட, த்த, ப்ப, ன்ன என்று நம் மொழியில் இரட்டிக்கும் இடங்கள் ஏராளம். அதாவது தமிழ்99-இல் அடிப்பவர் ஒரே விசையை அடுத்தடுத்து இருமுறை தட்டிக்கொண்டே இருக்கிறார்.

நீல சுவிட்சைப் பிரித்தால், நீலத் தண்டைச் சுற்றி வெள்ளையாக ஒரு சின்னத் துண்டு தனியாக ஆடும். விரல் அழுத்தும்போது அது சட்டென்று கீழே தாவும். ‘டிக்’ சத்தம் அதனுடையது. எழுத்து பதிவாவதும் அந்தத் தாவலில்தான். ஆனால் அடுத்த அடிக்குத் தயாராக வேண்டுமென்றால், பதிவான இடத்தையும் தாண்டி விசை நன்றாக மேலே வந்தாக வேண்டும். விரல் பாதி எழுந்து மறுபடி இறங்கினால் அந்த அடி கணக்கில் வராது. சிவப்பு, பழுப்பு சுவிட்சுகளில் வெள்ளைத் துண்டு கிடையாது. எழுத்து பதிவாகும் இடமும், விசை விடுபட்டு அடுத்த அடிக்குத் தயாராகும் இடமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை. “எத்தனை மில்லிமீட்டரில் பதிவாகும்” என்று பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். எங்கே விடுபடும் என்பதை நாமாகக் கேட்டால்தான் உண்டு. என் மேசைக்கு வரும் புகார்களில் பாதிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

கேம் ஆடும் தம்பிகளுக்கும் இதே கதைதான். கவுன்டர் ஸ்டிரைக், வாலரண்ட் ஆடுபவர்களுக்குத் தெரியும்: ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு சிதறும். இடப்பக்கம் நகர்த்தும் ஏ விசையை விட்டு, எதிர்ப்பக்கம் நகர்த்தும் டி-யைத் தொட்டு, ஆளை நிறுத்திய பிறகுதான் சுட வேண்டும். அங்கே விரலை எடுக்கும் நொடி எவ்வளவு சீக்கிரம் கணினிக்குத் தெரிகிறது என்பதுதான் எல்லாம். நீலத்தில் அது பிந்தும். இப்போது பேசப்படும் மேக்னெட்டிக் சுவிட்சுகளின் பலமும் இதுதான். 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த ஹால் விளைவைக் கொண்டு, தண்டில் உள்ள காந்தம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று சென்சார் அளந்துகொண்டே இருக்கும். ‘ரேப்பிட் டிரிகர்’ வசதியைப் போட்டுவிட்டால், விரல் சற்று மேலே எழுந்தாலே விசை விடுபட்டதாகக் கொள்ளும். அதற்காகப் பணம் போடலாம், பலன் உண்டு. ஆனால் எதிரெதிர் விசைகளைக் கீபோர்டே சமாளித்துத் தரும் ‘ஸ்னாப் டேப்’ போன்ற வசதிகளுக்கு வால்வ் நிறுவனம் 2024 ஆகஸ்டில் கவுன்டர் ஸ்டிரைக் 2-இன் அதிகாரபூர்வ சர்வர்களில் தடை போட்டுவிட்டது. அதை நம்பி வாங்காதீர்கள். மேக்னெட்டிக் சுவிட்சை மட்டும் தனியாக வாங்கிச் சாதாரண மெக்கானிக்கல் போர்டில் செருகினாலும் வேலை செய்யாது.

நிறத்தை வைத்துத் தேர்வு செய்வதும் ஆபத்துதான். செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் வரிசையில் சிவப்பை அழுத்த 45 சென்டிநியூட்டன் வேண்டும் (ஒரு சென்டிநியூட்டன் என்பது ஏறக்குறைய ஒரு கிராம் எடையின் அழுத்தம்), கறுப்புக்கு 60. இரண்டும் வழுக்கிக்கொண்டு இறங்கும் லீனியர் வகை. செர்ரியின் காப்புரிமை காலாவதியான பிறகு சீன நிறுவனங்கள் பலவும் அதே அமைப்பில் சுவிட்ச் செய்யத் தொடங்கின. எல்லாரும் ஒரே நிறப் பட்டியலைப் பின்பற்றுவதில்லை. செர்ரியின் பச்சையை அழுத்த 80 வேண்டும். ரேசர் கம்பெனியின் பச்சைக்கு 50 கிராம் அளவே போதும். “பச்சை நல்லாயிருக்கும்” என்று நண்பர் சொன்னால், எந்தக் கம்பெனிப் பச்சை என்று கேளுங்கள்.

‘ஸ்பீடு’ என்று பெயர் போட்ட சில்வர் சுவிட்சைத் தட்டச்சுக்காக வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. சிவப்பு 2 மி.மீ.யில் பதிவாகும் என்றால் இது 1.2 மி.மீ.யிலேயே பதிவாகிவிடும். யோசிக்கும்போது விரலை விசைமேல் வைத்திருக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குத் தேவையில்லாத எழுத்துகள் வந்து விழும்.

பழைய தட்டச்சு இயந்திரத்தில் ஹையர் முடித்தவர்கள் வேறு ரகம். அவர்கள் கை கனமான கை. மெல்லிய சிவப்பைக் கொடுத்தால் ஒவ்வொரு அடியும் அடித்தகட்டில் போய் இடித்து, சாயங்காலம் விரல் நுனி வலிக்கிறது என்பார்கள். அவர்களுக்குக் கறுப்பைக் கொடுத்துப் பார்க்கிறேன். கனமான ஸ்பிரிங் அந்த அடியைத் தாங்கிக்கொள்கிறது. சாதா மெம்பிரேன் (உள்ளே ரப்பர் விரிப்பு உள்ள) கீபோர்டிலிருந்து மாறுபவர்களும் பழக்கத்தில் அடிவரை அழுத்துவார்கள். பாதி ஆழத்திலேயே எழுத்து விழுந்துவிடும் என்று விரலுக்குப் பழக இரண்டு வாரமாவது கொடுங்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு கோளாறும் உண்டு: ஒரு முறை அடித்தால் இரு முறை விழுவது. தமிழ்99-இல் ‘படகு’ ‘படக்கு’ ஆகிவிடும். இது தேர்வின் குற்றமில்லை. உள்ளே தகடு தேய்ந்தோ தூசி படிந்தோ வருவது. அந்த ஒரு சுவிட்சை மாற்றினால் தீர்ந்தது. அதற்காகவே சுவிட்சைப் பிடுங்கி மாற்றக்கூடிய ஹாட்ஸ்வாப் போர்டாகப் பார்த்து வாங்கச் சொல்கிறேன். செருகும் முன் சுவிட்சின் உலோகக் கால்கள் நேராக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். வளைந்த காலோடு அழுத்தினால் சாக்கெட்டும் போகும்.

அக்காவுடையது நல்லவேளையாக ஹாட்ஸ்வாப். தமிழ்99-இல் வ, ங தவிர மீதி 16 மெய்களும் வலக்கைப் பக்கம். அந்தப் பதினாறோடு வ-வையும் சேர்த்து 17 விசைகளுக்கு மட்டும் பழுப்பு சுவிட்ச் போட்டேன். பழுப்பில் விரலுக்கு ஒரு சின்ன மேடு தட்டுப்படும், ‘டிக்’ இருக்காது. ‘வீட்டு வரி’யை இருபது தடவை அடித்துப் பார்த்தார். இருபதும் சரியாக விழுந்தது. “உயிரெழுத்துக்குச் சத்தம் வருது, மெய்யெழுத்துக்கு வரல. கண்ண மூடிட்டே அடிக்கலாம் போல தம்பி” என்று சிரித்தார். கழற்றிய 17 நீல சுவிட்சுகளையும் பொட்டலமாகக் கட்டி அவர் கையிலேயே கொடுத்தேன். இடக்கைப் பக்கம் ஏதாவது தேய்ந்தால் உதவும்.