நிறைய ஷாட் அடித்தால் ஜெயித்துவிடலாமா?

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் 1990-91 சீசனில் டென்வர் நக்கெட்ஸ் அணியின் பயிற்சியாளர் பால் வெஸ்ட்ஹெட். அவருடைய திட்டத்தில் சிக்கலே கிடையாது: பந்து கைக்கு வந்ததும் ஓடு, சில நொடிகளுக்குள் ஷாட் அடி, திரும்பவும் ஓடு. அந்த சீசனில் லீக்கிலேயே அதிகப் புள்ளி குவித்த அணி டென்வர்தான், ஆட்டத்துக்குச் சராசரியாக ஏறக்குறைய 120. ஆனால் 82 ஆட்டங்களில் ஜெயித்தது வெறும் 20. ஏனென்றால் எதிரணிகள் அவர்களுக்கு எதிராக எடுத்த சராசரி 130-ஐத் தாண்டியிருந்தது.

இது எப்படி நடக்கிறது என்று புரிய பொசெஷன் கணக்கைப் பார்க்க வேண்டும், அதாவது பந்து ஒரு அணியின் கைக்கு வந்து அது தாக்கும் முறைகளின் கணக்கை. கூடைப்பந்தில் ஒரு அணி கூடை போட்டாலும் சரி, பந்தைப் பறிகொடுத்தாலும் சரி, தவறிய ஷாட்டிலிருந்து துள்ளி வரும் பந்தை, அதாவது ரீபவுண்டை, எதிரணி பிடித்தாலும் சரி, பந்து அடுத்தவர்களிடம் போய்விடுகிறது. அதாவது, ஆளுக்கொரு முறை மாறி மாறித்தான் தாக்க முடியும். ஆட்டம் முடியும்போது இரு அணிகளின் பொசெஷன் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும், மிஞ்சினால் ஒன்றிரண்டு வித்தியாசம். இன்றைய என்.பி.ஏ.யில் அது ஆட்டத்துக்கு 100 சொச்சம். நீங்கள் வேகமாக ஓடி அதை 115 ஆக்கினால் எதிரணிக்கும் 115 வாய்ப்பு கிடைக்கும், அதை நீங்களே தூக்கிக் கொடுத்த மாதிரிதான்.

மெதுவாக ஆடினாலும் இதே கதைதான், ஆனால் பலவீனமான அணிக்கு அதில் ஒரு லாபம் உண்டு: வாய்ப்புகள் குறையக் குறைய அதிர்ஷ்டத்தின் பங்கு கூடும். 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ், ஜார்ஜ் மைக்கன் என்ற ராட்சத சென்டரை (கூடைக்கு அருகே ஆடும் உயரமான வீரர்) வைத்திருந்த மினியாபொலிஸ் லேக்கர்ஸை எதிர்த்து, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பெரும்பாலும் சும்மாவே நின்றது. முடிவு 19-18, பிஸ்டன்ஸ் வெற்றி. என்.பி.ஏ. வரலாற்றில் இவ்வளவு குறைந்த புள்ளியில் வேறு ஆட்டம் முடிந்ததில்லை. பணம் கொடுத்துப் பார்க்க வந்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. இந்த மாதிரி ஆட்டங்களால்தான் 1954-ல் 24 நொடி ஷாட் கிளாக் வந்தது, அதாவது பந்து கைக்கு வந்த 24 நொடிக்குள் ஷாட் அடித்தாக வேண்டும் என்ற விதி. நல்ல ஆட்டம் என்று தோன்றும் ஆட்டங்களில் இரு அணிகளும் சேர்ந்து சுமார் 120 ஷாட் அடிக்கின்றன என்று பார்த்து, 48 நிமிடத்தின் 2,880 நொடிகளை அந்த 120-ஆல் வகுத்து வந்த எண்தான் 24.

சரி, பொசெஷன் சமம் என்றால் ஷாட் எண்ணிக்கையும் சமமாகத்தானே இருக்கும்? இல்லை, விஷயமே அங்கேதான் இருக்கிறது. எதிரணியின் ஃபவுலுக்காகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோக்களை ஒதுக்கிவிட்டு ஒரு கணக்கு போடுவோம். இரு அணிகளுக்கும் 100 பொசெஷன். முதல் அணி 12 முறை பந்தைத் தொலைக்கிறது, தவறிய தன் ஷாட்டுகளில் 12 ரீபவுண்டைத் தானே பிடித்து மறுபடி முயல்கிறது. ஆக 100 ஷாட். இரண்டாவது அணி 17 முறை தொலைக்கிறது, 8 ரீபவுண்டை மீட்கிறது, 91 ஷாட். எல்லாம் இரண்டு புள்ளி ஷாட் என்று வைத்துக்கொண்டால், முதல் அணி 50 சதவீதம் போட்டாலே 100 புள்ளி வந்துவிடும். இரண்டாவது அணி அதை எட்டிப்பிடிக்க 55 சதவீதம் போட்டாக வேண்டும். ஐந்து சதவீதம் என்பது இந்த விளையாட்டில் மலையளவு வித்தியாசம். 2024-25-ல் 68 ஆட்டங்களை ஜெயித்துக் கோப்பையும் வென்ற ஒக்லஹோமா சிட்டி தண்டர் இப்படித்தான் ஆடியது, எதிரணியிடமிருந்து பந்தை விடாமல் பறித்தது, தன் பந்தை அபூர்வமாகத்தான் விட்டது. ஆக, ஷாட் எண்ணிக்கையைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை, எதிரணியைவிட எத்தனை அதிகம் என்றுதான் பார்க்க வேண்டும்.

இனி பாஸுக்கு வருவோம்.

எவ்வளவு வேகமாக ஓடும் ஆளும் பறக்கும் பந்துக்கு ஈடு கொடுக்க முடியாது. பாஸின் பலம் முழுக்க இதில்தான் இருக்கிறது. வழக்கமான ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். பந்து வைத்திருப்பவருக்காக உயரமான சக வீரர் வந்து ஸ்க்ரீன் போடுகிறார், அதாவது பாதுகாவலரின் வழியில் சுவர் மாதிரி நிற்கிறார், பாதுகாவலர் அதில் இடித்துக்கொண்டு அரை நொடி பின்தங்குகிறார், வேறு வழியில்லாமல் இரண்டு பாதுகாவலர்களும் பந்தின் மேலேயே பாய்கிறார்கள். ஸ்க்ரீன் போட்டவர் திரும்பிக் கூடையை நோக்கி ஓடுகிறார், பந்து அவரிடம் போகிறது. இப்போது மிச்சமிருக்கும் நான்கு தாக்குதல் வீரர்களுக்கு மூன்றே பாதுகாவலர்கள். எதிர் மூலையில் நின்ற பாதுகாவலர் கூடையைக் காக்க உள்ளே வருகிறார், அதனால் மூலையில் ஒருவர் தனியாக நிற்கிறார், பந்து அங்கே பறக்கிறது. அடுத்த பாதுகாவலர் பதறியடித்துக்கொண்டு மூலைக்கு ஓட, பந்து பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு தட்டு தட்டப்படுகிறது, யாரும் அருகில் இல்லாமல், தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து மூன்று புள்ளி ஷாட். எல்லாம் மூன்று நான்கு நொடிகளில் முடிந்துவிடுகிறது. 2014 இறுதிச் சுற்றில் மியாமி ஹீட்டை சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் 4-1 என்று வென்றபோது இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்தது. அந்த சீசனில் அவர்களில் ஒருவர்கூட ஆட்டத்துக்குச் சராசரியாக 30 நிமிடம் ஆடவில்லை.

கவனித்தீர்களா, அங்கே முதலில் நடந்தது பாஸ் இல்லை. இரண்டு பாதுகாவலர்களை ஒருவர் தன்மேல் இழுத்தார், அப்புறம்தான் பாஸ்களுக்கு மதிப்பு வந்தது. யாரையும் நகர்த்தாமல் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பந்தை இடமும் வலமும் மாற்றிக்கொண்டிருந்தால் கடிகாரம்தான் கரையும். அதனால் "இந்த அணி 300 பாஸ் போட்டது" என்ற எண்ணை நான் பெரிதாக மதிப்பதில்லை.

அசிஸ்ட் எண்ணிக்கையிலும் ஒரு பொறி இருக்கிறது. வாங்கியவர் கூடை போட்டால்தான் பாஸ் அசிஸ்ட் ஆகும். ஷாட் நன்றாக விழும் நாளில் அசிஸ்ட் தானாகவே ஏறிவிடும், வெற்றியும் வரும். பாஸ் நன்றாக இருந்ததால் ஜெயித்தார்களா, ஷாட் விழுந்ததால் பாஸ் நன்றாகத் தெரிகிறதா என்பதை ஸ்கோர் அட்டை சொல்லாது.

பந்து பலரிடம் போவதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நட்சத்திர வீரர் ஒருவர் 10 ஷாட் அடித்தால் 60 சதவீதம் போடுகிறார், 20 அடித்தால் கடினமானவற்றையும் எடுக்க வேண்டியிருப்பதால் 50 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 நல்ல எண்தானே, 45 சதவீதம் போடும் சக வீரருக்கு ஏன் கொடுக்க வேண்டும்? கூட்டிப் பாருங்கள்: முதல் 10-ல் 6 கூடை, 20-ல் 10 கூடை, அப்படியானால் கூடுதலாக அடித்த 10 ஷாட்டில் விழுந்தது நாலே நாலு. அந்தப் பத்தை 45 சதவீத ஆளிடம் கொடுத்திருந்தால் அணிக்கு லாபம். சராசரி இதை அழகாக மறைத்துவிடுகிறது. பிரையன் ஸ்கின்னர் என்ற இயற்பியலாளர் 2010-ல் இதைச் சாலைப் போக்குவரத்துக் கணிதத்தோடு இணைத்து ஆய்வுக் கட்டுரை எழுதினார். எல்லாரும் குறுக்கு வழியிலேயே போனால் அந்த வழியே நெரிசலாகி, சில நேரம் அதை மூடினால்தான் போக்குவரத்து வேகமாகும். அதேபோல நட்சத்திரம் இல்லாத அணி சில சமயம் நன்றாக ஆடுவதற்கும் இது ஒரு விளக்கமாக இருக்கலாம் என்றார். எறும்பு போன்ற சமூகப் பூச்சிகளை ஆராயும் ஜெனிஃபர் ஃபியூவல் தன் குழுவோடு 2010 பிளேஆஃப் (சீசன் முடிவில் நடக்கும் நாக்-அவுட் தொடர்) முதல் சுற்றுப் பாஸ்களை வலைப்பின்னலாக வரைந்து 2012-ல் வெளியிட்ட ஆய்விலும், பந்து அடுத்து யாரிடம் போகும் என்று கணிக்க முடியாத அணிகள் மேலே வரும் போக்கு தெரிந்தது.

ஆனால் பாஸ் இலவசம் இல்லை. ஒரு பாஸ் பறிபோக நூற்றுக்கு மூன்று வாய்ப்பு என்றால், அது ஷாட்டின் மதிப்பைக் குறைந்தது மூன்று சதவீதமாவது ஏற்ற வேண்டும், இல்லையென்றால் நஷ்டம். மேலே பார்த்த 12-க்கும் 17-க்கும் இடையிலான வித்தியாசம் இங்கேதான் உருவாகிறது. 2017-18 ஹூஸ்டன் ராக்கெட்ஸ் இதை உணர்ந்து நேர் எதிராகப் போனது: ஜேம்ஸ் ஹார்டனோ கிறிஸ் பாலோ தன்னைத் தடுக்கும் பாதுகாவலரைத் தனியாளாக எதிர்கொள்வார், மற்றவர்கள் கோட்டுக்கு வெளியே விலகி நிற்பார்கள், முடிவில் லே-அப் (கூடைக்கு அருகே ஓடிப்போய்ப் போடும் ஷாட்) அல்லது மூன்று புள்ளி. 65 வெற்றிகள். பால் காயத்தால் வெளியே உட்கார்ந்திருந்த மேற்குப் பிரிவு இறுதியின் ஏழாவது ஆட்டத்தில் தொடர்ந்து 27 மூன்று புள்ளி ஷாட்டுகளைத் தவறவிட்டு கோல்டன் ஸ்டேட்டிடம் தோற்றார்கள். அதை வைத்து அந்த முறையே தப்பு என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 27-ம் தொடர்ந்து தவறுவது எந்த அணிக்கும் அதிர்ஷ்டக் கேடுதான்.

எந்த ஷாட்டோடு நிறுத்துவது என்பதையும் ஸ்கின்னர் 2012-ல் கணக்கிட்டார். ஷாட் கிளாக்கில் நேரம் அதிகமிருந்தால் சுமாரான வாய்ப்பை விட்டுவிடலாம், குறையக் குறைய எதிர்பார்ப்பையும் இறக்கிக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கோடு ஒப்பிட்டால் என்.பி.ஏ. வீரர்கள் கிளாக்கின் ஆரம்ப நொடிகளில் தேவைக்கு மேல் தயங்குகிறார்கள் என்று தெரிந்தது. இன்னும் நல்லது வரும் என்று பாஸ் போட்டுப் போட்டு, நான்கு நொடி மீதி இருக்கும்போது கையை முகத்துக்கு நேரே நீட்டி நிற்கும் பாதுகாவலரின் தலைக்கு மேல் அடிக்கிறார்கள், பத்து நொடிக்கு முன்னால் கிடைத்த ஷாட் அதைவிட நன்றாகவே இருந்திருக்கும்.